கோட்டுப் போட்ட காட்டேரி

என்னோடு ஒரே மலையில் கொழுந்து எடுத்தவர்களே, பீலிக் குழாய்த் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுச் சண்டை போட்டவர்களே, உங்களில் யாருக்குக் கண் நன்றாகத் தெரிகிறதோ அவர்கள் இதை வாசித்து மற்றவர்களுக்குச் சொல்லுங்கள். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் கூடின இடத்தில் வாய் திறந்தவளும் இல்லை, அது உங்களுக்கே தெரியும். எழுதுகிறபோது எதிரே ஆள் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

போன மாதம் என் பேத்தி லீவில் வந்தாள். கொழும்பில் தையல் ஃபெக்டரியில் வேலை செய்கிறாள். எனக்கு முழங்காலுக்குப் பூச எண்ணெயும், அவளுக்குப் பார்க்க ஒரு படச் சீடியும் கொண்டுவந்தாள். மழை பிடித்துக்கொண்ட ஒரு பகலில் அதைப் போட்டுவிட்டுப் பாயில் குப்புறப் படுத்துக்கொண்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தேன். ஒரு பையன் வந்தான். பவுடர் பூசினது போல வெளுப்பு. கண்ணுக்குக் கீழே கறுப்பு. ஆனால் அழகன்.

"யாருடி இவன், சீக்காளி மாதிரி இருக்கான்?"

"இவன்தான் ஹீரோ அம்மாயி. ரத்தக் காட்டேரி."

"இவனா?"

"ஆமா. அந்தப் புள்ள கழுத்தப் பாக்கிறப்பெல்லாம் குடிக்கணும்னு இருக்கும். ஆனா குடிக்க மாட்டான். அவ்வளவு அன்பு."

"பசிக்காதாடி?"

"பசிக்கும். தாங்கிக்குவான். நீங்க கீரையப் பாருங்க."

கொஞ்ச நேரம் போய்ப் பார்த்தால் இவள் மூக்கை உறிஞ்சுகிறாள். அந்தப் பையனுக்காக அழுகிறாள். எங்கள் காலத்தில் காட்டேரிக்காக ஒருவரும் அழுததில்லை. ஆய்ந்த கீரையைக் குப்பையிலும் தண்டைச் சட்டியிலும் போட்டுவிட்டு, பிறகு எல்லாவற்றையும் திரும்பப் பொறுக்கினேன். என் மனம் அங்கே இல்லை.

காட்டேரியும் காலத்துக்கு ஏற்றாற்போல உடுப்பு மாற்றிக்கொண்டுதான் வந்திருக்கிறது. தொண்ணூறுகளில் என் பிள்ளைகள் வளர்ந்த சமயம், பஜார் கடையில் பருப்புச் சுற்றித் தருகிற தாளில் தொடர்கதை வரும். எழுத்துக் கூட்டி வாசிப்பேன். எப்போதும் கதையின் நடுப்பக்கம்தான் கிடைக்கும், முடிவு வேறு யாருடைய பருப்போடோ போயிருக்கும். அந்தக் கதைகளில் காட்டேரி ஒரு பெண். வெள்ளைச் சேலை, விரித்த கூந்தல், காலில் சலங்கை. எவனோ ஒரு ஜமீன்தார் கெடுத்துக் கிணற்றில் தள்ளியிருப்பான், அதற்குப் பழிவாங்க வந்திருப்பாள். அதே கதையைக் கார் பேட்டரியில் டீவியும் வாடகை டெக்கும் ஓட்டி, எங்கள் வரிசை வீட்டு லயமே கூடிப் பார்த்திருக்கிறோம். மந்திரவாதி எலுமிச்சம்பழத்தை வெட்டப் போகிற நேரத்தில் பேட்டரி இறங்கிவிடும். அவள் பிடிபட்டாளா தப்பினாளா என்று தெரியாமலே எழும்பிப் போவோம். போகிற வழியில் பெண்கள் நாங்கள் அவள் தப்பியிருப்பாள் என்றுதான் பேசிக்கொள்வோம்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் நான் பார்த்த முதல் காட்டேரி கோட்டுப் போட்டிருந்தது. அது வந்த திருவிழாக் காலத்தைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

அப்போது றக்வானைக்கு மேலே எங்கள் தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரை இருந்தார். மேல் பாதி தேயிலை, கீழ்ப் பாதி றப்பர். அப்பா தவறிய பிறகு நானும் அம்மாவும் சின்னம்மாவோடுதான் இருந்தோம். அம்மாவின் தங்கச்சி. சின்னம்மா, சித்தப்பா, நாங்கள் இரண்டு பேர், எல்லாருக்கும் ஒரே காம்பரா, ஒற்றை அறை. சின்னம்மாவுக்கு அப்போது வயிறு மேடு தட்டியிருந்தது. அதற்கு முன்னால் இரண்டு தடவை உண்டாகிக் கலைந்துபோயிருந்தது. அதனால் இந்த முறை வயிற்றைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. பேசினால் அதற்குக் கேட்டுவிடும், கோபித்துக்கொண்டு போய்விடும் என்பது போல நடந்துகொண்டோம்.

சின்னம்மா வெளிறிப்போயிருந்தாள். உள்ளங்கையைத் திருப்பினால் வாழைத்தண்டு போல இருக்கும். வெயிலில் கொஞ்ச நேரம் நின்றால் தலை சுற்றி உட்கார்ந்துவிடுவாள். அதனால் மலைக்கு விடாமல், பிள்ளை மடுவத்தில் கைக்குழந்தைகளுக்குத் தொட்டில் ஆட்டுகிற வேலை கொடுத்திருந்தார்கள். அந்த வேலையில் இருந்து வருகிற வழியில் என்னைப் பள்ளிக்கூடத்தில் இருந்து கூட்டிக்கொள்வாள். வந்ததும் முதல் காரியம், என் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அட்டை பார்ப்பாள். விரல் இடுக்கில் குண்டாகித் தொங்கும். சவர்க்காரத்தை நனைத்து அதன் தலையில் வைப்பாள்.

"வலிச்சிச்சா?"

"இல்ல சின்னம்மா. கடிச்சதே தெரியல."

"தெரியாமத்தான் கடிக்கும்" என்பாள்.

எங்கள் மலையில் ரத்தம் குடிப்பது இது ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு நான் பயந்ததே இல்லை.

மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால், உத்தியோகத்தர்களின் கிளப்பில் படம் காட்டினார்கள். இரத்தினபுரியில் இருந்து ஒரு வேன் வந்தது. கிளப்புக்கு வெளியே புல்வெளியில் மூங்கில் நட்டு வெள்ளைச் சீலை கட்டினார்கள். முன்பக்கம் துரைக்கும் உத்தியோகத்தருக்கும் கதிரை. வேலை முடிந்து வந்த நாங்கள் சீலைக்குப் பின்பக்கம் புல்லில் உட்கார்ந்தோம். பின்னாலும் படம் தெரியும், இடது வலது மட்டும் மாறியிருக்கும். படத்தில் எல்லாரும் இடது கையால் சாப்பிட்டார்கள். வெள்ளைக்காரர் வழக்கம் அப்படி என்று பெரிய ஆட்கள் சொன்னார்கள், நாங்களும் நம்பினோம். சீலையில் ஒரு ஒட்டுப் போட்டிருந்தது. முகம் பெரிதாக வரும்போதெல்லாம் அந்த ஒட்டுக் கன்னத்தில் விழும்.

பேசுவது முழுவதும் இங்கிலீசு. எங்களுக்குக் கதை சொன்னது பங்களாவின் அப்பு. துரைக்குச் சமைக்கிறவர், சிங்கள ஆள், தமிழ் நம்மைப் போலவே பேசுவார். துரையிடம் இருந்து பொறுக்கின இங்கிலீசும் அவரிடம் இருந்தது. பின்பக்கம் எங்களோடு குந்தியிருந்து சொல்லிக்கொண்டே வந்தார்.

"இந்த மஹத்தயாதான், இந்தத் துரைதான், பெரிய ஆளு. அந்தா மல உச்சியில தெரியுது பாருங்க, அதுதான் பங்களா. பகல்ல வெளிய வர மாட்டாரு. வெயில் பட்டா சாம்பலாப் போயிருவாரு. கண்ணாடியில அவரு முகம் விழாது."

"ஏன் விழாது?" என்று யாரோ கேட்டார்கள்.

"உள்ளுக்கு உசிரு இல்ல, அதுனால விழாது. அனே, இவரு ரத்தம் குடிக்கிற ஆளுடா."

"ஓ, காட்டேரி."

"எங்க ஊர்ல ரீரி யக்கான்னு சொல்லுவோம். ஆனா அது பாவம், உடுப்பே இல்லாம சுடுகாட்டுல திரியிறது. இது கோட்டுப் போட்ட யக்கா. கதவத் தட்டிட்டுத்தான் உள்ள வரும்."

எல்லாரும் சிரித்தார்கள். அப்புவுக்கு அது பிடித்துவிட்டது, அந்த ஆள் வரும்போதெல்லாம் "குட் ஈவினிங் யக்கா மஹத்தயா" என்று எழும்பிச் சலாம் போட்டார். சீலைக்கு அந்தப் பக்கம் இருந்து துரையின் இருமல் கேட்டதும் உட்கார்ந்துகொண்டார்.

பிறகு யாரும் சிரிக்கவில்லை. ஒரு பெண் கட்டிலில் கிடந்தாள். நாளுக்கு நாள் வெளிறிப்போனாள். ஜன்னல் துணியை இழுத்து மூடச் சொன்னாள். வைத்தியர் வந்து கையைப் பார்த்துத் தலையை ஆட்டினார். கடைசியில் அவளும் எழும்பி வாயைத் திறந்தாள், பல்லில் கறுப்பாக ஏதோ வழிந்தது. நிறமில்லாத படம், ரத்தம் கறுப்பாகத்தான் தெரியும். நான் சின்னம்மாவின் முந்தானைக்குள் தலையை விட்டேன். சின்னம்மா அசையாமல் அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை என் தலையில் இருந்தது, குளிர்ந்திருந்தது.

திருவிழாவுக்குக் காப்புக் கட்டினார்கள். பூசாரிக்கும், கரகம் எடுப்பவருக்கும், தீச்சட்டி எடுக்கும் பெண்களுக்கும் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. ஒருமுறை கட்டினால் அம்மனை ஆற்றில் விடும்வரை அவிழ்க்கக் கூடாது. லயம் முழுக்க மச்சம் மாமிசம் கிடையாது, கருவாட்டுச் சட்டிகூடக் கழுவிக் கவிழ்க்கப்படும். லயத்துக் காம்பராக்களுக்குச் சுவர் கூரைவரை போகாது. ஒருத்தி கடுகு தாளித்தால் கடைசிக் காம்பராவில் இருமுவார்கள். அதனால் காப்பை ஏமாற்ற வழியில்லை. ஏமாற்றினால் அம்மன் அம்மை போட்டுவிடுவாள், அதுவும் பிள்ளைகளுக்குத்தான் முதலில் போடுவாள் என்று எல்லாரும் நம்பினோம். அந்த வருஷம் மூன்றாம் காம்பராவில் ஒரு பிள்ளைக்கு உடம்பெல்லாம் கொப்புளம் கண்டிருந்தது.

முதல் தீச்சட்டி எப்போதும் எங்கள் லயத்து மருத்துவச்சிக்கு. உங்களில் பாதிப் பேரை அவள் கைதான் வெளியே எடுத்தது. கறுத்து உயர்ந்த பொம்பிளை, வெற்றிலை போட்ட வாய், நடந்தால் ஆண்கள் வழிவிடுவார்கள். ஆஸ்பத்திரி கீழே நெடுந்தூரம், லொறி கிடைத்தால்தான் போகலாம். பிள்ளை பிறக்க வேண்டும் என்றால் அவள் வர வேண்டும். வேறு ஆள் கிடையாது.

அவள்தான் சின்னம்மாவைப் பார்த்தாள். பீலிக்குப் பின்னால் பெரிய கித்துல் மரம் ஒன்று உண்டு. பொழுது சாயுமுன் தண்ணீருக்குப் போனவள், மரத்துக்குப் பின்னால் முதுகைக் காட்டிக் குந்தியிருந்த சின்னம்மாவைக் கூப்பிட்டிருக்கிறாள். சின்னம்மா திரும்பினாளாம். வாயிலும் கையிலும் ரத்தம்.

மருத்துவச்சி கத்தவில்லை. குடத்தையும் நிறைக்காமல் நேராக எங்கள் வாசலுக்கு வந்தாள். அம்மா அடுப்பில் இருந்தாள், நான் கதவடியில்.

"உன் தங்கச்சி மேல காட்டேரி நிக்கிது. எங் கண்ணால பாத்தேன். பல்லுகூடக் கறுத்துப் போச்சு. வெளிச்சம் ஆகல, சோறு எறங்கல, இப்ப பச்ச ரத்தம் கேக்குது. ஏற்கனவே ரெண்டு புள்ளயத் தின்னது இதுதான்."

"அத்த, அவ மாசமா இருக்கா. எதையாவது பாத்து எதையாவது நெனச்சிட்டீங்களா?"

"நான் எத்தன மாசக்காரியப் பாத்திருக்கேன். கோடாங்கிய வச்சு இத எறக்கு. எறக்காம நான் அவ மேல கை வைக்க மாட்டேன். காப்புக் கட்டின கை இது."

சின்னம்மா வந்ததும் அம்மா கேட்டாள். சின்னம்மா வாயைக் கழுவியிருந்தாள், சட்டை முன்பக்கம் நனைந்திருந்தது.

"என்னாடி சாப்பிட்ட?"

"கேக்காதக்கா."

"மருத்துவச்சி கை வைக்க மாட்டேங்கிறா. வலி எடுத்தா நான் எங்கடி போவேன்?"

"கேக்காதன்னு சொல்றேன்ல."

மறுநாள் லயத்துப் பெண்கள் வந்தார்கள். நலம் விசாரிக்கிறது போலத்தான் வந்தார்கள். எதிர்க் காம்பராக்காரி மடியில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தாள், அவள் கல்யாணத்துக்கு வந்தது, ஓரத்தில் தகரப் பூப் போட்டது. பேச்சோடு பேச்சாக, "நெத்தியில பொட்டு அழிஞ்சிருக்கு பாரு" என்று கண்ணாடியைச் சின்னம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள். சின்னம்மா சட்டென்று முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எதிர்க் காம்பராக்காரி கண்ணாடியைத் திரும்பச் சுற்றினாள். வெளியே போனதும், "பாத்தியா, திரும்பிட்டா" என்றாள். அதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை.

இப்போது எனக்குத் தெரிகிறது. தோட்டத்து டிஸ்பென்சரியில் சின்னம்மாவுக்குக் கொடுத்த இரும்பு மருந்து பல்லைக் கறுப்பாக்கும். நான் கடைசியாக உண்டானபோது எனக்கும் அப்படி ஆனது. கன்னம் வற்றி, உதடு வெளுத்து, பல் கறுத்துப்போன இருபது வயசுப் பெண் கண்ணாடியைப் பார்க்க விரும்புவாளா? ஆனால் அங்கே கூடியிருந்தவர்கள் எல்லாரும் அந்தப் படத்தைப் பார்த்தவர்கள்.

அந்தப் படத்தைப் பற்றி இன்னொன்றும் இத்தனை வருஷத்துக்குப் பிறகு பேத்தியின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் தோன்றியது. அதில் ரத்தம் குடித்தவர் மலை உச்சிப் பங்களாக்காரர். வெளிறிப்போனவர்கள் கீழே இருந்தவர்கள். படம் முடிந்து நாங்கள் லயத்துக்கு நடந்தபோது எங்கள் மலை உச்சியிலும் ஒரு கல் பங்களா நின்றது, ஜன்னலில் விளக்கு எரிந்தது. அந்தப் பக்கம் ஒருவர் தலையும் திரும்பவில்லை. எங்கள் துரை கெட்டவர் என்று சொல்லவில்லை, அவர் இருமலோடு சீமைக்குப் போன வயசாளி. நான் சொல்வது எங்களைப் பற்றி. கடித்தவன் யார், கடிபட்டவள் யார் என்று பிரித்துப் பார்க்கத் தெரியாமல், எங்களுக்குள்ளேயே யார் மிகவும் வெளிறிப்போயிருந்தாளோ அவளைக் காட்டேரி என்றோம்.

சித்தப்பா கீழ்த் தோட்டத்துக் கோடாங்கியிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். வெள்ளிக்கிழமை உடுக்கடிப்பது என்று பேச்சு. அதுவரை சின்னம்மாவுக்குச் சோறு கிடையாது, மஞ்சள் தண்ணீர் மட்டும். பட்டினி போட்டால்தான் காட்டேரி பேசுமாம். வேப்பங்குலையால் அடியும் உண்டு. சித்தப்பா சாது. "எனக்கு அவளும் புள்ளயும் வேணும் மதினி, வேற என்ன செய்யச் சொல்றீங்க?" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வாசல் கல்லில் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். அம்மா மஞ்சள் தண்ணீரில் கருப்பட்டியைக் கரைத்துக் கொடுத்தாள், யாருக்கும் தெரியாமல். அவளுக்கு அவ்வளவுதான் துணிச்சல் வந்தது.

சின்னம்மா பாயில் கிடந்தாள். நான் பக்கத்தில் போய்ப் படுத்தேன். பயம் இல்லாமல் இல்லை. அவள் தூங்கும்போது வாயைப் பார்த்தேன். திறந்திருந்தது, உதடு காய்ந்திருந்தது. கடிக்கிற வாய் போல இல்லை.

வியாழக்கிழமை மத்தியானம், மலையில் இருந்து பெண்கள் கொழுந்து நிறுத்துவிட்டு வந்து சாப்பிடுகிற நேரம். லயத்துக்குள் இறைச்சிக்கடை நானா வந்தார். பஜாரில் கடை வைத்திருந்த சோனக மனுஷன், தலையில் தொப்பி, மடித்துக் கட்டிய சாரம். காப்புக் காலத்தில் நாங்கள் அவர் கடைப் பக்கம் போவதில்லை, அவரும் லயத்துப் பக்கம் வருவதில்லை. கையில் வாழையிலைப் பொட்டலம், அதன் அடியில் ரத்தம் கசிந்து கொண்டிருந்தது.

வாசலில் சோற்றுத் தட்டோடு இருந்த பெண்கள் எல்லாரும் எழும்பிவிட்டார்கள்.

"என்னா நானா இது, காப்புக் கட்டின லயத்துக்குள்ள?" என்று மருத்துவச்சி குறுக்கே வந்தாள்.

நானா பயந்துபோனார். "கோவிக்காதீங்க. இந்தக் கடைசித் தொங்கல் காம்பராப் புள்ள, மாசமா ஈக்கிற புள்ள, கொஞ்ச நாளா கடப் பக்கம் வரல்ல. ஈரல் வச்சிருந்து கெட்டுப் போகுது. டிஸ்பென்சர் ஐயா என்னட்டச் செல்லி ஈக்கிறாரு, ஆடு அறுத்தா ஈரல் அந்தப் புள்ளைக்குத்தான் முதல்ல எண்டு. உடம்புல ரத்தம் இல்லையாம். அதான் என்னமோ ஏதோ எண்டு நானே கொணந்தேன்."

ஒருத்தியின் தட்டில் இருந்து கோழி சோறு கொத்தியது, அவள் விரட்டவில்லை.

"காப்பு நேரத்துல ஈரல் திங்கிறாளா?" என்றாள் எதிர்க் காம்பராக்காரி. குரல் மெல்லத்தான் வந்தது. "அப்ப அந்தப் புள்ளைக்கு அம்ம போட்டது?"

நானா அவளைப் பார்த்தார், பிறகு மருத்துவச்சியைப் பார்த்தார். "எங்கட நோன்புலயும் சீக்காளிக்கு விலக்கு ஈக்கிதானே. புள்ளத்தாச்சிக்கும் ஈக்கி. உங்கட்ட இல்லையா?" என்று கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டார்.

மருத்துவச்சி எங்கள் காம்பராவுக்குள் குனிந்து நுழைந்தாள். சின்னம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தாள். நாக்கை நீட்டச் சொன்னாள். உள்ளங்கையைத் திருப்பினாள். இத்தனை நாள் தொடாதவள் இப்போது விடவே இல்லை, கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

"வயித்துக்குள்ள பூச்சி இருக்குன்னு டிஸ்பென்சர் ஐயா சொன்னாரு அத்த" என்றாள் சின்னம்மா. "வெறுங்காலோட நடக்கிறப்ப ஏறிருமாம். அது ரத்தத்தக் குடிக்கிதாம். பூச்சிக்கு மருந்து புள்ள பொறந்த பொறகுதான் தருவாங்களாம். அதுவரைக்கும் ஈரல் திங்கச் சொன்னாரு. சமைச்சா வாசம் வரும்னு…"

"பச்சயாவா தின்ன?"

"நெருப்புல காட்டினேன். பீலிக்கிட்ட சுள்ளி நனஞ்சு கெடந்துச்சு. சரியா எரியல."

"ஏன்டி எங்கிட்டச் சொல்லல? காட்டேரின்னு ஊரே சொல்லுது, வாயத் தொறக்காமக் கெடக்க?"

சின்னம்மா சுவரைப் பார்த்தாள். "காட்டேரின்னா அது செஞ்ச குத்தம். காப்ப முறிச்சேன்னு தெரிஞ்சா நான் செஞ்ச குத்தம். மூணாம் காம்பராப் புள்ளைக்கு ஏதாவது ஆயிருந்தா அதோட அம்மா மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

மருத்துவச்சி எழும்பி வாசலுக்கு வந்தாள். அவள் திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள். அவள் மணிக்கட்டைப் பல்லருகே கொண்டுபோய், மஞ்சள் கயிற்றின் முடிச்சைக் கடித்து அவிழ்த்தாள். அம்மா, "அத்த, வேணாம்" என்றாள். அவள் கயிற்றைச் சுருட்டி எங்கள் சாமி மாடத்தில், விளக்குக்குப் பக்கத்தில் வைத்தாள். கையைக் கூப்பவில்லை. நானாவிடம் போய்ப் பொட்டலத்தை வாங்கினாள்.

"அடுப்ப மூட்டு" என்றாள் அம்மாவிடம். "மெளகு இருக்கா?"

அவளே அரிந்தாள். மிளகும் சீரகமும் இடித்து, வெங்காயம் போட்டு, அடுப்பை ஊதி ஊதி எரித்து வறுத்தாள். எண்ணெய் குறைவாகத்தான் இருந்தது, எதிர்க் காம்பராவில் கேட்டாள். அந்தப் பெண் கொஞ்ச நேரம் நின்றாள், பிறகு போத்தலைக் கொண்டுவந்து படியில் வைத்துவிட்டுப் போனாள். வாசனை கூரைக்குக் கீழே ஏறி ஒவ்வொரு சுவராகத் தாண்டிப் போனது. எந்தக் காம்பராவில் யார் என்ன செய்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். பிள்ளைகள்கூட வாயை மூடிக்கொண்டிருந்தன.

தட்டில் போட்டு எடுத்துக்கொண்டு வாசலுக்கே வந்து உட்கார்ந்தாள். சின்னம்மாவையும் வெளியே வரச் சொன்னாள். முதல் துண்டை எடுத்து, எல்லாரும் பார்க்கத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். மென்றாள். விழுங்கினாள். பிறகு தட்டைச் சின்னம்மாவின் மடியில் வைத்தாள்.

"இப்ப அம்மன் யார் மேல வாராளோ வரட்டும். எம் மேல வரட்டும். நீ சாப்பிடு."

கோடாங்கிக்கு வர வேண்டாம் என்று சித்தப்பா ஆள் அனுப்பினார். மூன்றாம் காம்பராப் பிள்ளைக்குக் கொப்புளம் வற்றி உதிர்ந்தது, அதற்கு ஈரலோ காப்போ காரணம் இல்லை என்று இன்றைக்குச் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். அன்றைக்கு எங்களில் யாருக்கும் அது தெரியாது, மருத்துவச்சிக்கும் தெரியாது. அதை நினைத்தால்தான் எனக்கு அவளுடைய துணிச்சல் புரிகிறது. பயம் போனதால் அவள் கயிற்றை அவிழ்க்கவில்லை. பயத்தோடேயே அவிழ்த்தாள்.

திருவிழா அன்று காப்பை முறித்தவள் சட்டி எடுக்கக் கூடாது என்று பூசாரி சொன்னார். அவளும் சட்டியைக் கேட்கவில்லை. முதல் தீச்சட்டி எதிர்க் காம்பராக்காரிக்குப் போனது. அம்மன் தேர் லயத்தடியில் வந்தபோது எல்லாரும் முன்னால் ஓடினார்கள். மருத்துவச்சியும் சின்னம்மாவும் மட்டும் ரோட்டுக்கு இந்தப் பக்கம் பலாமரத்தடியில் நின்றார்கள். நான் சின்னம்மாவின் கையைப் பிடித்திருந்தேன். சட்டி எங்களைத் தாண்டிப் போனது. மருத்துவச்சியின் இரண்டு கையும் அவளை அறியாமல் வெறுமனே சட்டியைப் பிடிக்கிறது போல முன்னால் வளைந்து நின்றன. பார்த்துவிட்டு முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

சின்னம்மாவுக்குக் கொழுந்து தளிர்க்கிற மழைக்காலத்தில் வலி எடுத்தது. மருத்துவச்சி முதல் தடவை கூப்பிட்டதுமே வந்துவிட்டாள், வெற்றிலைகூடத் துப்பாமல். பையன். மெலிந்த பிள்ளை, ஆனால் அழுத அழுகை மேல் லயத்துக்குக் கேட்டது. சின்னம்மாவின் மற்றப் பிள்ளைகளையும், பிறகு என் முதல் இரண்டையும் அவள்தான் எடுத்தாள்.

சின்னம்மாவிடம் அவள் ஒருநாளும் மன்னிப்புக் கேட்டதில்லை. சின்னம்மாவும் எதிர்பார்க்கவில்லை. அடுத்த வருஷம் பூசாரியே வீட்டுக்கு வந்து, வா, காப்புக் கட்டிக்கொள், முதல் சட்டி உனக்குத்தான் என்று கூப்பிட்டார். வேண்டாம் என்றுவிட்டாள். ஏன் என்று கேட்டவர்களிடம் அவள் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"காப்புக் கட்டிட்டா கை கட்டிப் போவுது. எந்த வீட்டுல எப்ப வலி எடுக்குமோ. சட்டிய யாரும் எடுக்கலாம்."